டீசல் டேங்கில் கிருமி: டிஎன்ஏ சோதனை எண்ணை எதோடு ஒப்பிடுவது?

#1 டேங்க்_தளம்

வணக்கம். விவரம் இது: 10,000 லிட்டர் டீசல் டேங்க், தரைக்கு மேல், படுக்கை உருளை. அவசரகால ஜெனரேட்டருக்கு மட்டும். மாதம் ஒருமுறை அரைமணி நேர ஓட்டம்தான், அதனால் ஊற்றிய டீசல் ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. 10 மைக்ரான் முதல் ஃபில்டரில் கறுப்பாக, தொட்டால் வழுக்கும் படிவு. கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர ஒரு வாரம் ஆகிறது. க்யூபிசிஆர் முறையில் (கிருமியின் ஒரு மரபணுவைச் சுழற்சிக்குச் சுழற்சி இரட்டிப்பாக்கி, அதன் பிரதிகளை ஒளியால் எண்ணும் டிஎன்ஏ சோதனை) இரண்டு மணி நேரத்தில் எண் தருவதாக ஆய்வகங்கள் சொல்கின்றன.

கேட்க விரும்புவது: சாம்பிளை எங்கிருந்து, எவ்வளவு எடுப்பது? "லிட்டருக்கு இத்தனை பிரதிகள்" என்று ரிப்போர்ட் வந்தால் அதை எந்த வரம்போடு ஒப்பிடுவது? கிருமிக்கொல்லி மருந்து போட்ட பிறகு இதே சோதனை பலன் சொல்லுமா?

#2 கடற்பொறி

முதல்ல தண்ணி இருக்கான்னு பாருங்க சார். கிருமி டீசல்ல வாழறதில்ல, டீசலுக்குக் கீழ தேங்கியிருக்கற தண்ணியில வாழ்ந்துக்கிட்டு டீசலைத் தின்னுது. தண்ணி இல்லன்னா வளர்ச்சி இல்ல.

டிப் ராடு நுனியில வாட்டர் பேஸ்ட் தடவி, அடியில தொட்டு அரை நிமிஷம் வச்சு எடுங்க. நிறம் மாறின உயரம்தான் தண்ணி மட்டம். படுக்கை உருளைன்னா ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வா வச்சிருப்பாங்க, தாழ்ந்த முனையில பாக்கணும். டிப் குழாய் மேட்டு முனையில இருந்தா பேஸ்ட் நிறம் மாறாது, ஆனா தாழ்ந்த முனையில இருபது லிட்டர் தண்ணி கிடக்கும். பலபேர் ஏமாறறது இங்கதான்.

தண்ணி எங்கிருந்து வருதுன்னு கேப்பாங்க. பாதி காலியா இருக்கற டேங்க் பகல்ல சூடாகி காத்தை வெளிய விடும், ராத்திரி குளிர்ந்து ஈரக்காத்தை உள்ள இழுக்கும். கடலோர ஊர்ல இது தினமும் நடக்கும். டீசல்ல பயோடீசல் கலந்திருந்தா இன்னும் மோசம். வெறும் டீசல் தனக்குள்ள கரைச்சு வச்சுக்கற தண்ணி பத்து லட்சத்துல நூறு பங்குகூட வராது, சுத்த பயோடீசல் ஆயிரத்துக்கு மேல பிடிக்கும். சூடு இறங்கும்போது அந்த மிச்சத் தண்ணி அடியில இறங்கிடும்.

#3 ஆய்வக_மேசை

கடற்பொறி சொன்னதுதான் தொடக்கம். சாம்பிள் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் டிஎன்ஏ சோதனையில் வரும் தவறுகளில் பெரும்பங்கு இயந்திரத்துக்கு வெளியே நடப்பவை.

ஒரே டேங்கில் மூன்று உலகங்கள் இருக்கின்றன: மேலே தெளிந்த டீசல், அடியில் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் சளி போன்ற படலம். உயிர்கள் குவிந்திருப்பது அந்தப் படலத்தில். தெளிந்த டீசலில் மிதப்பது அதிலிருந்து பிய்ந்து வந்த துணுக்குகள் மட்டுமே. நடுமட்டத்தில் சாம்பிள் எடுத்து "சுத்தம்" என்று ரிப்போர்ட் வாங்குவது எளிது. அதற்குப் பொருள் இல்லை.

டீசல் ஊற்றிய பிறகு குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். ஊற்றும்போது அடி கலங்கி எல்லாம் மேலே வந்துவிடும், அன்றைய எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது.

டிரெயின் வால்வு வழியாக எடுத்தால், வாயை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து உலர விடுங்கள். எரிபொருள் தரச் சோதனைக்குப் பழகியவர்கள் முதலில் வரும் இரண்டு லிட்டரை வழித்தெறிந்துவிட்டுச் சாம்பிள் பிடிப்பார்கள். கிருமிச் சோதனையில் அது தலைகீழ்: குழாயில் தங்கியிருக்கும் அந்த முதல் வரவில்தான் தண்ணீரும் படலமும் இருக்கும். அதைத் தனிப் பாட்டிலில் "முதல் வரவு" என்று எழுதி வையுங்கள். பிறகு வருவதை இரண்டாம் பாட்டிலில் பிடியுங்கள்.

மேலிருந்து அடிச் சாம்பிளரை இறக்குவதானால் பருத்திக் கயிறு, நைலான் வேண்டாம். சாம்பிளருக்கும் டேங்குக்கும் எர்த் இணைப்பு இருக்க வேண்டும். இரண்டு டேங்குக்கு ஒரே சாம்பிளரைப் பயன்படுத்தினால் நடுவில் சுத்தம் செய்தாலும் பழைய டிஎன்ஏ ஒட்டிக்கொண்டிருக்கும். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை அழிக்காது. ப்ளீச் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, சுத்த நீரில் நன்றாக அலசி, உலர்த்தி எடுக்க வேண்டும். கல்ச்சருக்குப் பழகிய கைகள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகின்றன.

அளவு: டீசல் 500 மி.லி., அடித்தண்ணீர் கிடைத்தால் 50 மி.லி. பாட்டிலை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், குலுக்கிக் கலக்க அது வேண்டும்.

#4 ஏடிபி_பக்கம்

ஒரு மாற்றுக் கருத்து. இந்த டேங்குக்கு டிஎன்ஏ எதற்கு? ஏஎஸ்டிஎம் (சோதனைமுறைத் தரங்களை வெளியிடும் அமைப்பு) டி7687 முறையில் 20 மி.லி. டீசலைச் சிரிஞ்ச் ஃபில்டரில் தள்ளி, கழுவி, செல்லை உடைத்து, லூசிபெரேஸ் நொதி தரும் ஒளியை அளந்தால் பத்து நிமிடத்தில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) அளவு கிடைக்கிறது. செத்த செல்லில் ஏடிபி நிற்காது, உயிரோடிருப்பது மட்டும் தெரியும். ஒரு பாக்டீரியாவில் சுமார் ஒரு ஃபெம்டோகிராம் ஏடிபி. ஒரு பிகோகிராம் என்றால் ஆயிரம் செல் அளவு. கணக்கு நேரானது, டேங்க் பக்கத்திலேயே முடியும். பிசிஆர் இயந்திரமும் மூலப்பொருளை உறைநிலையில் வைக்க ஃப்ரீசரும் அங்கே எதற்கு?

#5 ஆய்வக_மேசை

ஏடிபி நல்ல முறை, அதை ஒதுக்கச் சொல்லவில்லை. அதனால் முடியாதவை மூன்று.

பூஞ்சை வித்துகள் உறங்கும் நிலையில் ஏடிபியை மிகக் குறைவாகவே வைத்திருக்கும். டீசலில் சுற்றும் கறுப்புப் படிவுக்கு முக்கியக் காரணம் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை. பழைய நூல்களில் கிளடோஸ்போரியம் ரெசினே, இப்போது அமார்ஃபோதீகா ரெசினே என்கிறார்கள். அதன் வித்துகள் டீசலில் காத்திருந்து, தண்ணீர் கிடைத்ததும் முளைக்கும். ஏடிபியில் குறைவாகத் தெரிந்ததை டிஎன்ஏ காட்டிவிடும்.

அடுத்தது, எந்த உயிர் என்பதை ஏடிபி சொல்லாது. மூன்றாவது, ஏடிபியை ஆறப்போட முடியாது. பாட்டிலில் அடைத்து ஓர் இரவு விட்டால் அளவு மாறிவிடும். டிஎன்ஏவை ஃபில்டரில் பிடித்துப் பாதுகாப்புக் கரைசலில் போட்டால் நாட்கணக்கில் நிற்கும்.

எரிபொருளில் க்யூபிசிஆர் அளவீட்டுக்கென்றே ஏஎஸ்டிஎம் டி8412 என்ற வழிகாட்டி இருக்கிறது. அது வழிகாட்டி மட்டுமே. எல்லா ஆய்வகமும் ஒரே எண்ணைத் தரும் அளவுக்கு இறுகிய செய்முறை அல்ல. ஆகவே முதல் ரிப்போர்ட்டை ஓர் ஆய்வகத்திலும் இரண்டாவதை இன்னொன்றிலும் வாங்கி ஒப்பிடாதீர்கள்.

#6 ஹேங்கர்_7

வேகம் மட்டும்தான் தேவை என்றால் இன்னொன்றும் உண்டு. விமானப் பராமரிப்பில் பரவலாக இருப்பது ஃபியூல்ஸ்டாட் பட்டைகள். கர்ப்பச் சோதனைப் பட்டை போன்ற ஆன்டிபாடி முறை, ஏஎஸ்டிஎம் டி8070. கால்மணி நேரத்தில் ஹார்மோகோனிஸ், பாக்டீரியா, மற்றப் பூஞ்சை என்று தனித்தனியே சொல்லும். ஜெல் பாட்டில் கல்ச்சர் ஏஎஸ்டிஎம் டி7978, முழு முடிவுக்கு நான்கு நாள் வரை காத்திருக்க வேண்டும்.

டிஎன்ஏ ரிப்போர்ட்டை ஒப்பிட எல்லோரும் எடுக்கும் எண் ஐஏடிஏ (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) வழிகாட்டியில் இருப்பது: லிட்டருக்கு 4,000 காலனிக்குக் கீழ் சரி, 4,000 முதல் 20,000 வரை மிதம், அதற்கு மேல் கடுமை. டேங்க்_தளம் அதையே எடுத்துக்கொள்ளலாமா, மேடம்?

#7 ஆய்வக_மேசை

கூடாது. இந்த இழையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். அந்த எண்கள் தட்டில் முளைத்த காலனிகளுக்கு. மரபணுப் பிரதிகளுக்கு அல்ல.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 100 மி.லி. டீசலை வடிகட்டினோம். ஃபில்டரில் இருந்ததை உடைத்து, டிஎன்ஏவை 50 மைக்ரோலிட்டரில் எடுத்தோம். அதில் 5 மைக்ரோலிட்டரை ஒரு குழாயில் விட்டோம். இயந்திரம் அந்தக் குழாயில் 2,000 பிரதி என்றது. மொத்த டிஎன்ஏவில் பத்தில் ஒரு பங்குதான் குழாய்க்குப் போனது, ஆகவே ஃபில்டரில் 20,000. அது 100 மி.லி.க்கு, லிட்டருக்கு 2,00,000.

இதை 20,000 என்ற வரம்பின் பக்கத்தில் வைத்தால் டேங்கே நாறிப்போனது போலத் தெரியும். ஆனால் அளந்தது 16எஸ், எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும் ஒரு மரபணு. ஒரு பாக்டீரியாவில் அது ஒன்றும் இருக்கலாம், பதினைந்தும் இருக்கலாம். சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் 4, ஈ.கோலையில் 7. சராசரி நான்கோ ஐந்தோ என்று வகுத்தால் 40,000 முதல் 50,000 செல். அதில் உயிருள்ளதும் செத்ததும் சேர்ந்திருக்கிறது. உயிருள்ளதிலும் ஒரு சிறு பகுதிதான் தட்டில் முளைக்கும். ஆக இதே டேங்கின் காலனி எண்ணிக்கை சில நூறாகவும் இருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். பிரித்தெடுக்கும்போது டிஎன்ஏவில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியிருந்தால், உண்மை அளவு மூன்று மடங்கு. நல்ல ஆய்வகம், தொடக்கத்திலேயே தெரிந்த அளவு அந்நிய டிஎன்ஏவையோ செல்லையோ சாம்பிளில் கலந்து, கடைசியில் எவ்வளவு மீண்டது என்று கணக்கெடுக்கும். ரிப்போர்ட்டில் மீட்பு விகிதம் இல்லையென்றால் கேளுங்கள்.

பூஞ்சைக்கு இது இன்னும் சிக்கல். பூஞ்சையை எண்ணப் பயன்படுத்தும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி ஒரு மரபணுத் தொகுதியில் பத்துக்கணக்கிலும் நூற்றுக்கணக்கிலும் இருக்கும், இழையாக வளரும் பூஞ்சைக்கு "ஒரு செல்" என்ற கணக்கே நிற்காது. அதன் எண்ணை அதன் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

#8 டேங்க்_தளம்

அப்படியானால் ரிப்போர்ட் வந்ததும் அது நம்பத்தக்கதா என்று எதை வைத்துப் பார்ப்பது, மேடம்? சிடி என்ற எண்ணும் போடுகிறார்கள்.

#9 ஆய்வக_மேசை

சிடி என்பது எத்தனையாவது சுழற்சியில் ஒளி கோட்டைத் தாண்டியது என்பது. குறைந்த சிடி என்றால் அதிக டிஎன்ஏ. ஒரு சுழற்சி வித்தியாசம் இரண்டு மடங்கு, 3.3 சுழற்சி பத்து மடங்கு.

தரக்கோட்டின் (தெரிந்த அளவு டிஎன்ஏக்களை ஓட்டி வரைந்த கோடு) சாய்வு முதலில். மைனஸ் 3.1 முதல் மைனஸ் 3.6 வரை இருந்தால் வினைத்திறன் 110 முதல் 90 சதவீதம், ஏற்கலாம். அதற்கு வெளியே இருந்தால் எண்கள் எல்லாம் சாய்ந்தவை.

அடுத்தது சாம்பிள் இல்லாமல் ஓட்டும் வெற்றுச் சோதனை. பாக்டீரியா 16எஸ் அளவீட்டில் வெற்றுக் குழாயும் ஒருபோதும் முழு வெறுமையாக இருக்காது. பிசிஆர் நொதியை உண்டாக்குவதே பாக்டீரியாவில்தான், அதன் டிஎன்ஏ துளி நொதியோடு வரும். பிரித்தெடுக்கும் கிட்டிலும் உண்டு. வெற்றில் சிடி 33, 34, 35 வருவது சாதாரணம். ஆகவே வெற்று 34 என்றும் சாம்பிள் 33 என்றும் இருந்தால் "லிட்டருக்கு இத்தனை பிரதி" என்று எழுதுவது அர்த்தமற்றது. என் அளவுகோல், வெற்றைவிட மூன்று சுழற்சியாவது முந்தி வரவேண்டும். அந்த வெற்று, தண்ணீர் மட்டும் விட்ட குழாயாக இல்லாமல், புது ஃபில்டர் ஒன்றை முழுச் செய்முறையிலும் கொண்டுபோன வெற்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பிசிஆருக்கு ஏற்படும் தடை. துரு, டீசல் எச்சம், சேர்மானங்கள் எல்லாம் பிசிஆர் நொதியின் கையைக் கட்டிப்போடும். அப்போது அழுக்கு டேங்க் சுத்தமாகத் தெரியும், இதுதான் ஆபத்தான தவறு. பிடிக்க வழி எளிது: அதே டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து இன்னொரு குழாயில் ஓட்டுங்கள். தடை இல்லையென்றால் நீர்த்தது 3.3 சுழற்சி பிந்தி வரும். ஒரு சுழற்சி மட்டும் பிந்தினாலோ, முந்தியே வந்தாலோ தடை இருக்கிறது; நீர்த்த குழாயின் எண்ணைப் பத்தால் பெருக்கி எடுத்துக்கொள்ளலாம். மாட்டு ஆல்புமின் புரதம் மி.லி.க்கு 0.4 மி.கி. சேர்த்தாலும் பெரும்பாலும் தடை விலகும்.

நான்காவது, செல்லை எப்படி உடைத்தார்கள் என்று கேளுங்கள். கொதிக்கவைத்து மட்டும் எடுத்தால் பாக்டீரியா உடையும், பூஞ்சையின் தடித்த சுவர் உடையாது. 0.1 மி.மீ., 0.5 மி.மீ. சிர்கோனியா மணிகளைக் கலந்து இரண்டு மூன்று நிமிடம் வேகமாகக் குலுக்கி உடைக்க வேண்டும். கறுப்புப் படிவு கண்ணுக்குத் தெரியும்போது ரிப்போர்ட்டில் பூஞ்சை "இல்லை" என்று வந்தால் முதல் சந்தேகம் இங்கே.

#10 புதுக்கை

டேங்க் பக்கத்திலேயே டிஎன்ஏ சோதனை செய்ய லாம்ப் முறை இருக்கே? ஒரே வெப்பநிலை, 65 டிகிரி, அரைமணி நேரம், ரோஸ் நிறம் மஞ்சளானா பாசிட்டிவ். பிசிஆர் இயந்திரமே வேண்டாம். அடித்தண்ணியில நேரா போட்டா, சூடு ஏத்தறதுக்கு முன்னாடியே மஞ்சளா மாறுது. ஏன்?

#11 ஆய்வக_மேசை

ஏனென்றால் அந்த நிறம் டிஎன்ஏவைப் பார்ப்பதில்லை, அமிலத்தைப் பார்க்கிறது. டிஎன்ஏ பெருகும்போது வெளிவரும் புரோட்டானால் கரைசல் அமிலமாகி ஃபீனால் ரெட் மஞ்சளாகும். கிருமி வளர்ந்த டேங்கின் அடித்தண்ணீரே கரிம அமிலம் நிறைந்தது, பிஎச் 5க்குக் கீழேகூட இருக்கும். ஒரு துளி விட்டதும் நிறம் மாறிவிடும்.

டிரிஸ் தாங்கல் கரைசலில் டிஎன்ஏவை எடுத்து விட்டால் நேர் எதிர்: உண்மையிலேயே டிஎன்ஏ பெருகினாலும் நிறம் மாறாது. ஆகவே சுத்தம் செய்த டிஎன்ஏவை வெறும் நீரில் எடுத்து விடுங்கள், அல்லது நிறமுறையை விட்டு ஒளிர்முறைக் கிட் வாங்குங்கள்.

லாம்ப் முடிந்த குழாயை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பெருகிய டிஎன்ஏ காற்றில் பரவினால் அந்த மேசையில் அதற்குப் பிறகு எல்லாச் சோதனையும் பாசிட்டிவ்தான்.

இன்னொன்று, லாம்ப் "உண்டு, இல்லை" என்பதற்குப் பொருத்தம். டேங்குக்கு வேண்டியது "போன தடவையைவிட எவ்வளவு" என்பது. ஹார்மோகோனிஸ் போன்ற ஒரே இனத்தைத் தேட லாம்ப் நல்லது, மொத்த அளவுக்கு க்யூபிசிஆர்.

#12 ஏடிபி_பக்கம்

> அதில் உயிருள்ளதும் செத்ததும் சேர்ந்திருக்கிறது

இதை மேடம் போகிற போக்கில் சொல்லிவிட்டார். என் முக்கிய எதிர்ப்பே இதுதான். மருந்து போட்டு எல்லாம் செத்த பிறகும் டிஎன்ஏ சோதனை அதே எண்ணைக் காட்டும். பார்த்துப் பயந்து இன்னொரு டோஸ் மருந்து ஊற்றுவார்கள்.

#13 ஆய்வக_மேசை

இதில் உங்கள் பக்கம்தான் நான். மருந்தின் பலனை அறிய டிஎன்ஏ சோதனையை உடனே செய்யக் கூடாது. செத்த செல்லின் டிஎன்ஏ தண்ணீரிலும் படலத்திலும் வாரக்கணக்கில் நிற்கலாம். மருந்துக்கு முன் ஏடிபி, மருந்து வேலை செய்யக் கொடுத்த நேரம் முடிந்ததும் ஏடிபி, அதுதான் வழி. கல்ச்சர் வைத்தால் சாம்பிளோடு வந்த மருந்தே தட்டிலும் வளர்ச்சியைத் தடுத்துப் பொய்யான "சுத்தம்" காட்டலாம், அதையும் கவனியுங்கள்.

உயிருள்ளதை மட்டும் எண்ண பிஎம்ஏ சாயம் உண்டு. சவ்வு கிழிந்த செல்லுக்குள் நுழைந்து, நீல ஒளி பட்டதும் டிஎன்ஏவோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அது பிறகு பெருகாது. 50 மைக்ரோமோலார், இருட்டில் பத்து நிமிடம், நீல எல்இடி கீழ் பதினைந்து நிமிடம். ஆனால் எண்ணெய் கலந்த, கலங்கிய சாம்பிளில் ஒளி உள்ளே போகாது. தெளிந்த அடித்தண்ணீரில் மட்டும் நம்பலாம். பெருக்கும் டிஎன்ஏ துண்டு 100 எழுத்து (கார இணை) போலக் குட்டையாக இருந்தால் சாயம் விழாத இடத்தில் பெருகிவிடும், 300க்கு மேல் வைப்பது நல்லது.

டேங்கை வடித்து, கழுவி, புது டீசல் ஏற்றிய பிறகு டிஎன்ஏ சோதனை மறுபடி பொருள் பெறும். அப்போது பழைய டிஎன்ஏவும் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் கழுவியது சரியில்லை, படலம் சுவரில் ஒட்டியிருக்கிறது. கழுவியவர் வேலையைச் சோதிக்க டிஎன்ஏவைவிடக் கூர்மையான வேறு முறை இல்லை.

#14 ஹேங்கர்_7

மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை, கணக்கு சம்பந்தப்பட்டது. 2020 பிப்ரவரி 26 அன்று லண்டன் கேட்விக்கில் ஒரு ஏ321 விமானம் புறப்பட்டதும் இரண்டு எஞ்சினும் தடுமாறி, அவசரமாகத் திரும்பி இறங்கியது. அதற்கு முன் பராமரிப்பில் டேங்குக்குக் காத்தான் (Kathon) என்ற கிருமிக்கொல்லி மருந்து போட்டிருந்தார்கள். பரிந்துரை பத்து லட்சத்துக்கு நூறு பங்கு. பிரிட்டன் விமான விபத்து விசாரணைப் பிரிவு கண்டது, அதைப்போல் சுமார் 38 மடங்கு போயிருந்தது. அடுத்த மாதமே தயாரிப்பாளர் அந்த மருந்தை விமான எரிபொருளுக்கு விற்பதை நிறுத்தினார்.

நூறு பங்கு என்றால் 1,000 லிட்டருக்கு 100 மி.லி. உங்கள் 10,000 லிட்டர் டேங்க் முழுதாக இருந்தால் ஒரு லிட்டர், பாதி இருந்தால் அரை லிட்டர். டேங்கின் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, அன்று உள்ளே இருக்கும் டீசலை அளந்து போட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே கணக்குப் போட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் அளவு வேறு, லேபிளில் உள்ளதுதான் அளவு.

#15 கடற்பொறி

அதோட ஒண்ணு. தண்ணியை வடிக்காம மருந்து ஊத்தாதீங்க. தண்ணியில கரையற மருந்துன்னா எல்லாம் அடித்தண்ணிக்கே போயிடும், தண்ணி அதிகமா இருந்தா நீர்த்துப்போயி கிருமி சாகாது. தடிச்ச படலத்துக்குள்ள மருந்து நுழையவும் நுழையாது. முதல்ல வடி, பிறகு மருந்து.

செத்த படலம் சுவத்திலிருந்து உரிஞ்சு வரும். அடுத்த சில மணி ஓட்டத்துல ஃபில்டர் ஒண்ணு பின்னாடி ஒண்ணா அடைக்கும். ரெண்டு செட் ஃபில்டர் கையில வச்சுக்கிட்டு, ஃபில்டர் முன்-பின் அழுத்த வித்தியாசத்தைப் பாத்துக்கிட்டே ஓட்டுங்க. ஆஸ்பத்திரி மாதிரி இடம்னா டேங்கை வெளிய சுத்தவிட்டு வடிகட்டுற பாலிஷிங் யூனிட் வச்சு முடிச்சுட்டுத்தான் ஜெனரேட்டரோட இணைக்கணும். கரண்ட் போன நேரத்துல ஃபில்டர் மாத்திக்கிட்டு நிக்க முடியாது.

#16 புதுக்கை

கிருமியோட பேர் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? எதுவா இருந்தாலும் வடிச்சு, கழுவி, மருந்துதானே?

#17 ஆய்வக_மேசை

பெயரால் காரணம் தெரியும். அமெரிக்காவில் குறைந்த கந்தக டீசல் வந்த பிறகு நிலத்தடி டேங்குகளின் மேற்பகுதி, அதாவது டீசலே தொடாத இடம், துருப்பிடித்தது. தண்ணீர் அடியில், துரு மேலே. 2012ல் பட்டேல் (Battelle) என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு ஆறு இடங்களில் சாம்பிள் எடுத்து டிஎன்ஏ வரிசை பார்த்தபோது அசிட்டோபாக்டர் தென்பட்டது. காடி செய்யும் இனம், எத்தனாலை அசிட்டிக் அமிலமாக்கும். டீசலில் எத்தனால் எங்கிருந்து? எத்தனால் கலந்த பெட்ரோலும் டீசலும் ஒரே லாரியில் மாறி மாறி வந்ததில் தங்கிய மிச்சம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். அமில ஆவி மேலே போய் இரும்பை அரித்தது. தட்டில் முளைத்த காலனியை மட்டும் எண்ணியிருந்தால் இந்தச் சங்கிலி தெரிந்திருக்காது. 2016ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை 42 டேங்குகளைப் பார்த்தபோது 83 சதவீதத்தில் மிதமான அல்லது கடுமையான அரிப்பு இருந்தது. உரிமையாளர்களில் முன்பே அறிந்தவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதேபோல் சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியா. ஆக்சிஜன் இல்லாத அடிக்கசட்டில் வாழ்ந்து ஹைட்ரஜன் சல்பைடு விடும், இரும்பில் குழி குழியாக அரிக்கும். சாதாரணக் கல்ச்சர் தட்டில் அது முளைக்கவே முளைக்காது. அந்த இனங்களுக்கு அடையாளமான டிஎஸ்ஆர்பி மரபணுவுக்கு க்யூபிசிஆர் ஓட்டினால் அன்றே தெரியும். அது கூடினால் மருந்தோடு நிற்காமல் தகட்டுத் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியில் அளக்க வேண்டும். அடித்தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை வாடை வந்தால் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் நானோபோர் கருவியில் 16எஸ் முழு நீளமும் படித்துப் பெயர்ப் பட்டியல் எடுக்கலாம். வருடம் ஒருமுறை போதும். பட்டியலில் உள்ள சதவீதத்தை அளவாக எடுக்காதீர்கள், அது பங்கு மட்டுமே. மொத்தம் பத்து மடங்கு குறைந்தாலும் சதவீதம் அப்படியே இருக்கலாம்.

#18 டேங்க்_தளம்

ஊரில் சோதனைக்கூடம் இல்லை, கூரியரில்தான் போக வேண்டும். டீசல் பாட்டில் என்றதும் வாங்க மறுக்கிறார்கள்.

#19 ஆய்வக_மேசை

மறுப்பது நியாயம், டீசல் தீப்பற்றும் சரக்கு. டேங்க் பக்கத்திலேயே வடிகட்டி ஃபில்டரை மட்டும் அனுப்புங்கள். எப்போதுமே அதுதான் மேல், பாட்டிலில் பயணம் செய்யும் சாம்பிளில் வழியிலேயே சில இனங்கள் பெருகி, சில அழியும்.

சாம்பிளை நிதானமாக முப்பது தடவை புரட்டிக் கலக்குங்கள். 60 மி.லி. சிரிஞ்சில் 50 மி.லி. வீதம் இரண்டு தடவை, ஆக 100 மி.லி., 0.45 மைக்ரான் ஃபில்டர் வழியே தள்ளுங்கள். ரப்பர் முனை உள்ள சிரிஞ்ச் டீசலில் ஊதி நடுவில் சிக்கிக்கொள்ளும். முழுப் பிளாஸ்டிக் தண்டு உள்ளதை வாங்குங்கள். ஃபில்டர் கூடு பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும். ஆய்வகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் பாலிஸ்டைரீன் புனலை டீசல் இளக்கிவிடும்.

நடுவில் அடைத்தால் அழுத்திக் கிழிக்காதீர்கள். அதுவரை எத்தனை மி.லி. போனதோ அதை எழுதுங்கள், கணக்கில் 100க்குப் பதில் அந்த எண் வரும். அடித்தண்ணீர் 10 மி.லி. போதும், தனி ஃபில்டர்.

பிறகு கிருமி நீக்கிய உப்புநீரில் 0.1 சதவீதம் ட்வீன்-80 (சோப்பு போல எண்ணெயைக் கழுவும் பொருள்) கலந்து 10 மி.லி. தள்ளுங்கள், டீசல் எச்சம் போகும். அடுத்து வெறும் உப்புநீர் 10 மி.லி. காற்றைத் தள்ளி ஈரத்தை வெளியேற்றி, ஆய்வகம் கொடுக்கும் பாதுகாப்புக் கரைசல் ஒரு மி.லி. உள்ளே விட்டு இரு முனையும் மூடுங்கள். சாம்பிள் தொடாத புது ஃபில்டர் ஒன்றையும் இதே கரைசல்கள் விட்டு வெற்றாக அனுப்புங்கள்.

அந்தக் கரைசலில் பெரும்பாலும் குவானிடின் உப்பு இருக்கும். சிந்தினால் ப்ளீச் ஊற்றித் துடைக்கவே கூடாது, நச்சு வாயு வரும். சோப்புத் தண்ணீர் போதும்.

#20 டேங்க்_தளம்

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? எப்போது கவலைப்பட வேண்டும்?

#21 ஆய்வக_மேசை

தண்ணீரை வடித்து, டேங்க் சுத்தமான பிறகு மாதம் ஒன்றாக மூன்று தடவை எடுங்கள். அந்த மூன்றும் எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அது உங்கள் டேங்கின் இயல்பு. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் கூடுதலாக ஒன்று.

இரண்டு மடங்கு கூடியது என்று கலங்க வேண்டாம், சாம்பிள் எடுக்கும் கையே அவ்வளவு வித்தியாசம் தரும். ஐந்து மடங்கு கூடினால் மறு சாம்பிளும் ஏடிபியும். பத்து மடங்கு கூடி, ஏடிபியும் கூடினால் வடித்துத் திறந்து பாருங்கள். டிஎன்ஏ கூடி ஏடிபி கூடவில்லையென்றால் பழைய படலம் உரிந்து வந்திருக்கிறது. ஃபில்டரைக் கவனியுங்கள், மருந்து வேண்டாம்.

லேபிளில் தேதி, சாம்பிள் இடம், வடிகட்டிய மி.லி., அன்றைய டீசல் மட்டம், கடைசியாக டீசல் ஊற்றிய நாள், பேஸ்ட் காட்டிய தண்ணீர் மட்டம் ஆறும் இருக்கட்டும். எண் திடீரென்று ஏறும்போது முதலில் தேடப்போவது கடைசி இரண்டையும்தான்.

#22 கடற்பொறி

அந்த டிப் குழாய் மேட்டு முனையில இருந்தா, தாழ்ந்த முனையில ஒரு டிரெயின் வால்வு போட்டுடுங்க சார். அடுத்த தடவை டேங்கைக் காலி பண்ணி கழுவும்போதே சேத்து முடிச்சுடலாம்.